நாலு டொலருக்கு அஞ்சு நாடு: ரமோனோட ரொறன்ரோத் தீவில ஒரு நடை

பயணக் குறிப்பு எழுதிற எனக்கு மாரி தொடங்க முன்னமே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணை, புன்ரா கானா போறம், ஒரு கிழமை, சாப்பாடு எல்லாம் அடக்கம். பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" இந்த முறை மூண்டு பேர் எழுதியிருக்கினம். உண்மையைச் சொல்லிப்போடுறன். நான் டொமினிக்கன் குடியரசுக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் அந்த நாடு இருக்கிற தீவை மேற்குக் கரையில இருந்து கிழக்குக் கரை மட்டும் காலால நடந்து பார்த்திருக்கிறன். 1996ஆம் ஆண்டு, செப்டெம்பர் கடைசி ஞாயிறு, இஞ்ச ரொறன்ரோவில. முழுச் செலவு எட்டு டொலர். இவருக்கு விசர் எண்டு நினைக்கிறியள் போல. கொஞ்சம் பொறுங்கோ, சொல்லிறன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் ரமோன். ஸ்காபரோவில ஐஸ்கிறீம் வாளியும் மூடியும் செய்யிற ஒரு பிளாஸ்ரிக் பக்டரியில என்னோட வேலை செய்தவர். சொந்த இடம் டொமினிக்கனில கிழக்குப் பக்கம், இக்வெய் எண்ட ஊர். என்னை விடப் பத்து வயசு மூப்பு. எனக்கு அப்ப இருபத்தேழு. அனலைதீவில இருந்து வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில இரண்டறை அப்பாட்மென்ற் ஒண்டில ஆறு பேரோட ஏழாவது ஆளாய்க் கிடந்தன். மெசினில இருந்து மூடி விழ விழ ரமோன் எடுத்து அடுக்குவார், நான் பெட்டியில வைப்பன். நாள் முழுக்க இதுதான். கதைக்காமல் இருந்தால் மண்டை கலங்கிப் போடும். எங்களுக்குள்ள இருந்தது பக்டரி இங்கிலீஸ்தான். அதைத்தான் இதில தமிழாக்கி எழுதிறன்.

அவர் கதைச்சதெல்லாம் தைனோச் சனத்தைப் பற்றி. கொலம்பஸ் வந்து இறங்க முன்னம் அந்தத் தீவில இருந்த ஆக்கள். தீவை அஞ்சு நாடாய்ப் பிரிச்சு, அஞ்சு தலைவர்மார் ஆண்டவையாம். தலைவரைக் காசீக் எண்டு சொல்லுறது. கழிவு மூடி ஒண்டை எடுத்து மார்க்கரால தீவைக் கீறி, நாலு கோடு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் பேர் எழுதித் தந்தார். அந்த மூடி இண்டைக்கும் என்னட்ட இருக்கு. மனிசி இரண்டு முறை குப்பையில போட்டு நான் இரண்டு முறையும் எடுத்து வைச்சது.

தைனோ ஆக்களிட்ட ஒரு வழக்கம் இருந்தது. அதுக்குப் பேர் குவாத்தியாவோ. இரண்டு பேர் உண்மையாய் ஒருத்தரை ஒருத்தர் விரும்பினால், பேரை மாத்திக்கொள்ளுவினம். சும்மா பகிடிக்கு இல்லை. அண்டையில இருந்து நீ நான், நான் நீ. உனக்கு வாறது எனக்கும் வாறது. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில, என்ர மீன்குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே ரமோன் கேட்டார், "மாத்துவமோ?" எண்டு. நானும் ஓம் எண்டன். என்ர பேர் குணா. அதோட அவர் குணா, நான் ரமோன். அவர் என்னை "ரமோன்!" எண்டு கூப்பிடுவார், நான் அவரைக் "குணா!" எண்டு கூப்பிடுவன். பக்டரியில எல்லாருக்கும் தலையிடி. வேலைக்கு வந்த நேரத்தைப் பதிய மெசினில கார்ட் அடிக்கிறதும் அப்பிடியே போச்சுது. ஆர் முதல் வந்தாலும் இரண்டு பேற்ற கார்ட்டையும் அடிச்சுப்போட்டுப் போறது. பேர்தான் ஒண்டாச்சே!

அந்த வருசம் தை மாசம் ஒருநாள் பனி கொட்டினதில என்ர பஸ் இருபத்தைஞ்சு நிமிசம் பிந்திப்போச்சுது. ரமோன் வழக்கம்போல என்ர கார்ட்டையும் அடிச்சிருக்கிறார். சூப்பவைசர் கண்டிட்டார். இரண்டு பேரையும் ஒபிசுக்குக் கூப்பிட்டு, கார்ட்டை மேசையில போட்டு, "இது ஆர் அடிச்சது?" எண்டு கேட்டார். ரமோன் சிரிச்சுக்கொண்டு, "நான்தான். நான் குணா, இவன் ரமோன். நாங்கள் பேர் மாத்தினனாங்கள்" எண்டார். சூப்பவைசர் என்னைப் பார்த்தார். "இந்தாள் சொல்லுறது உண்மையோ?"

நாட்டில நிரந்தரமாய் இருக்கக் குடுக்கிற லாண்டட் பேப்பர் எனக்கு இன்னும் வரேல்லை. ஒரு சின்னப் பிரச்சினையும் என்ர பேரில இருக்கக்கூடாது எண்ட பயம். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னன், "எனக்குத் தெரியாது. இவர் என்ன கதைக்கிறார் எண்டே எனக்கு விளங்கேல்லை."

அண்டைக்கே ரமோனை நிப்பாட்டிப் போட்டாங்கள். என்னை விட்டிட்டாங்கள். பிறகு மூண்டு முறை போன் எடுத்தாராம். நான் வீட்டில இருந்துகொண்டே இல்லை எண்டு சொல்லச் சொன்னன். சீ, எழுதவே வெக்கமாய்க் கிடக்கு. புரட்டாதியில நாலாவது போன் வந்தது. அறையில இருந்த பெடியன் ஒரு துண்டில எழுதி வைச்சிருந்தான்: ஞாயிறு காலமை, பத்து மணி, தீவுக்குப் போற படகடி. செவ்வாய்க்கிழமை ரமோன் ஊருக்குப் போறார். வேலை போனதால அவற்ற வேர்க் பேர்மிற்றை நீட்டிக் குடுக்கேல்லை. சனிக்கிழமை முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. மன்னிப்புக் கேக்கவேணும். அதுக்கு மட்டும்தான் நான் போனன், தீவு பார்க்க இல்லை.

சரி, வழி சொல்லிறன். காலமை 9.10க்கு சேர்பேர்ண் ஸ்ரேசனில ஏறி, யங்கில மாறி, 9.30க்கு யூனியன். ரிக்கற் இரண்டு டொலர். யூனியனில இருந்து பே ஸ்றீற்றால தெற்கை, றெயில் பாலத்துக்குக் கீழால பத்து நிமிச நடை. படகுக்கு நாலு டொலர், அது போக வர இரண்டுக்கும் சேர்த்து. திரும்பி வரேக்க ஒருத்தரும் ரிக்கற் கேக்கமாட்டினம். படகு மூண்டு இடத்துக்குப் போகும்: மேற்கை ஹன்லன்ஸ் பொயின்ற், நடுவில சென்ரர் ஐலண்ட், கிழக்கை வார்ட்ஸ் ஐலண்ட். எங்கட சனம் எல்லாம் சென்ரர் ஐலண்டுக்குத்தான் கோழியும் அடுப்பும் கொண்டு போகும். நீங்கள் ஹன்லன்ஸ் படகில ஏறுங்கோ.

ரமோன் எனக்கு முன்னமே வந்து நிண்டார். தோளில பை, தலையில அதே நீலத் தொப்பி. "வா" எண்டார். குணா எண்டும் சொல்லேல்லை, ரமோன் எண்டும் சொல்லேல்லை. அண்டைக்கு முழுக்க அவர் என்னை ஒரு பேரும் சொல்லிக் கூப்பிடேல்லை. அது எனக்கு எவ்வளவு குத்தினது எண்டு எழுதத் தெரியேல்லை.

படகு பதின்மூண்டு நிமிசம். நான் வாயைத் திறக்கப் போனன். அவர் மேற்குப் பக்கம் கையைக் காட்டி, "அது மரியேன். அங்கயிருந்துதான் தொடங்கிறது" எண்டார். மூடியில எழுதித் தந்த அஞ்சு பேரில ஒண்டு அது. அப்பதான் எனக்கு விளங்கினது, இந்தாள் ரொறன்ரோத் தீவையே தன்ர தீவாய்ப் பிரிச்சு வைச்சிருக்கிறார். ஆறு வருசமாய் ஞாயிற்றுக்கிழமைகளில தனிய வந்து இப்பிடி நடக்கிறவராம். அந்தத் தீவும் கிழக்கு மேற்காய் நீளமானது, இதுவும் அப்பிடித்தான். "இருக்கிறதை வைச்சுச் சமாளிக்கிறன்" எண்டார்.

ஹன்லன்ஸில இறங்கின இடம் மரியேன். அதை ஆண்ட காசீக் நல்ல மனிசன். கொலம்பஸின்ர கப்பல் அந்தக் கரையில தட்டி உடைஞ்சபோது, ஆக்களை அனுப்பிச் சாமான் எல்லாத்தையும் ஒரு ஊசி குறையாமல் இறக்கிக் குடுத்தவராம். உடைஞ்ச கப்பல் மரத்தாலேயே அவங்கள் அங்க கோட்டை கட்டினாங்கள். இதை ரமோன் சொல்லேக்க, பக்கத்து விமான நிலையத்தில இருந்து ஒரு சின்னப் பிளேன் எழும்பி எங்கட தலைக்கு மேலால போனது. இரண்டு பேரும் அது மறையும் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிண்டம். எனக்கும் அப்பதான் அகதியளுக்குக் குடுக்கிற பயணப் பத்திரம் கையில கிடைச்சிருந்தது. எல்லா நாட்டுக்கும் செல்லும், சிறீலங்காவைத் தவிர எண்டு அதில அடிச்சிருக்கும். உலகம் முழுக்கத் திறந்துவிட்டு, போகவேணும் எண்டு மனம் அடிக்கிற ஒரே ஒரு கரையை மட்டும் பூட்டினால் அதை வைச்சு என்ன செய்யிறது?

அங்கயிருந்து தெற்கை ஒண்டரைக் கிலோமீற்றர் நடந்தால் பழைய கல் வெளிச்சவீடு. அதுதான் ஹராகுவா. தீவில நாகரிகம் கூடின இடமாம், நல்ல பாட்டு, நல்ல ஆட்டம். அனகாவோனா எண்ட பெண் ஆண்டவா. ஸ்பானியக் கவர்னர் வாறார் எண்டு விருந்து வைச்சு, தனக்குக் கீழ இருந்த தலைவர்மார் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறா. விருந்துக்கு வந்தவங்கள் அந்தத் தலைவர்மாரை வீட்டுக்குள்ள அடைச்சு நெருப்பு வைச்சிட்டாங்கள். அவவைப் பிடிச்சுக்கொண்டு போய்த் தூக்கில போட்டாங்கள். ரமோன் இதைச் சொல்லிப்போட்டுத் தொப்பியைக் கழட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டார். ஒரு சைக்கிள்காரி எங்களைப் பார்த்து, வழி தெரியாமல் நிக்கினம் எண்டு நினைச்சு, உதவி வேணுமோ எண்டு கேட்டாள்.

சாப்பாடு அங்கதான், 11.30க்கு. நான் அவிச்ச மரவள்ளியும் கட்டைச் சம்பலும் கொண்டு போனனான். ரமோன் பையைத் திறந்து, அப்பளம் மாதிரித் தட்டையாய்ச் சுட்ட ஒரு ரொட்டியை எடுத்தார். பார்த்தால் அதுவும் மரவள்ளி! தைனோ ஆக்கள் கசப்பு மரவள்ளியைத் துருவி, நஞ்சுச் சாறைப் பிழிஞ்சு எடுத்துச் சுடுற ரொட்டி. மரவள்ளி அந்தப் பக்கத்தில இருந்துதான் எங்கட பக்கம் வந்தது எண்டு அண்டைக்குத்தான் அறிஞ்சன். நான் எங்கட சொந்தச் சாமான் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்! பிறகு அவர் ஒரு போத்தலைத் திறந்து நீட்டினார், இஞ்சிச் சோடா. நான் துள்ளி எழும்பிட்டன். மரவள்ளி திண்ட வாயில இஞ்சி பட்டால் நஞ்சாகி ஆள் முடிஞ்சுது எண்டு எங்கட வீட்டில கையைப் பிடிச்சுத் தடுப்பினம். "ஐயோ, குடியாதையுங்கோ!" எண்டு அவற்ற கையையும் தட்டி விட்டிட்டன். அரைப் போத்தல் புல்லில. அவர் என்னைப் பார்த்தார். "இதுக்கு மட்டும் உனக்கு வாய் வருது" எண்டார். அதுக்குப் பிறகு நான் சம்பலையே பார்த்துக்கொண்டிருந்தன். பாழ்பட்ட வாய், அப்பவும் மன்னிப்புச் சொல்லேல்லை.

அடுத்த ஒண்டரைக் கிலோமீற்றர் சென்ரர் ஐலண்ட். பூந்தோட்டம், வாத்து, பிள்ளையள், சனம். அது நடு நாடு, மகுவானா. அதின்ர காசீக் காவொனாபோ ஆருக்கும் பயப்பிடாத ஆள். அவரைச் சண்டையில பிடிக்க ஏலாமல், பளபளக்கிற பித்தளை விலங்கைக் காட்டி, இது எங்கட ராசா போடுற நகை எண்டு ஏமாத்திப் போட்டுவிட்டாங்கள். கப்பலில ஏத்தி அனுப்ப, கடலிலயே செத்துப்போனார். வடகிழக்கை ஒரு சின்னப் பாலத்துக்கு அங்கால இருக்கிற அல்கோன்குயின் ஐலண்ட் மகுவா. அந்தக் காசீக்கிட்டத் தங்கம் கேட்டாங்கள். அவர், தங்கம் பொறுக்க என்ர சனத்துக்குத் தெரியாது, அதுக்குப் பதிலாய் உங்களுக்குப் பெரிய தோட்டம் செய்து சாப்பாடு போடுறம் எண்டு சொல்லிப் பார்த்தாராம். அவங்கள் கேக்கேல்லை. இந்தக் கதையள் ரமோன் சொன்னவை. பிறகு லைப்ரரியில எடுத்து வாசிச்சும் பார்த்தன், பெரும்பாலும் அப்பிடித்தான் கிடக்கு.

சென்ரர் ஐலண்டின்ர தெற்குக் கரையில இருந்து கிழக்கை பலகை நடைபாதை, இரண்டரைக் கிலோமீற்றர் வரும். ஒரு பக்கம் ஏரி, கடல் மாதிரி. உப்பு மணம் மட்டும் இல்லை. கண்ணை மூடினால் அனலைதீவு இறங்குதுறை, திறந்தால் இது. அவருக்கு எண்டால் செவ்வாய்க்கிழமை உண்மையான கடல். நான் அவரில பொறாமைப்பட்டன். என்னாலதான் அந்த மனிசன் போறார் எண்டதை மறந்து பொறாமைப்பட்டன்.

2.20க்கு வார்ட்ஸ் ஐலண்ட் கரை. ரமோன் ஒரு கட்டையில இருந்தார். "இது இக்வெய். என்ர இடம்" எண்டார். பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இக்வெயில கடைசிக் காசீக் கொத்துபனாமா. முதல் சண்டை முடிஞ்சு சமாதானம் பேசேக்க, அவரும் ஸ்பானியத் தளபதி ஒருத்தனும் பேர் மாத்தினவை. குவாத்தியாவோ. காசீக்குக்குத் தளபதியின்ர பேர், தளபதிக்குக் காசீக்கின்ர பேர். பிறகு திரும்பவும் சண்டை வந்தது. பிடிக்க வந்த படையின்ர தலைவன் ஆரெண்டு நினைக்கிறாய்? அதே தளபதிதான். காசீக் சாவோனா எண்ட சின்னத் தீவில போய் ஒளிச்சார். ஒரு சிப்பாய் வாளோட மேல விழேக்க அவர் கத்தினாராம், என்னைக் கொல்லாதை, நான் அந்தத் தளபதி எண்டு. தளபதியின்ர பேரைச் சொல்லிக் கத்தினார். தன்னட்ட இருந்த பேரைத்தானே சொன்னார்."

"பிறகு?"

"சாந்தோ டொமிங்கோவுக்குக் கொண்டு போய்த் தூக்கில போட்டாங்கள்."

"ரமோன், அண்டைக்கு ஒபிசில நான்..." எண்டு தொடங்கினன். அவர் எழும்பிக் களிசானில ஒட்டின மண்ணைத் தட்டினார். "படகு வருது. நட."

மூண்டு மணிப் படகு. சரியான சனம். எங்களுக்கு முன்னால ஒரு தமிழ்க் குடும்பம், அஜின்கோர்ட்டில இருந்து வந்தவை, பெரிய பானையோட. அந்த அன்ரி என்னை மேலயும் கீழயும் பார்த்துப்போட்டு, "தம்பி தமிழோ?" எண்டா.

"ஓம் அன்ரி."

"எவடம்?"

"அனலைதீவு."

"ஆ, தீவோ! பேரென்ன?"

வாயில குணரத்தினம் எண்டுதான் வந்தது. அந்தக் கணம் திரும்பிப் பார்த்தன். ரமோன் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, அவருக்கு விளங்காத எங்கட பேச்சைக் கேட்டுக்கொண்டு நிண்டார். நான் நெஞ்சில கையை வைச்சுச் சொன்னன், "ரமோன்."

அன்ரி முழிச்சா. "ரமோனோ? வேதக்காரரோ தம்பி?"

"இல்லை அன்ரி, சைவம்தான்."

"அனலைதீவில சைவக்காரருக்கு ரமோன் எண்டும் பேர் வைக்கினமோ? கண்டறியாத புதினமாய்க் கிடக்கு! அப்ப உவர் ஆர்?"

நான் அவற்ற தோளில கையைப் போட்டன். "இவர்தான் குணரத்தினம். குணா எண்டு கூப்பிடுறது."

அன்ரி அவற்ற முகத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பானையை இழுத்துக்கொண்டு புருசன் பக்கம் தள்ளி நிண்டா. பாவம் அந்த மனிசி, இண்டைக்கும் என்னைப் பைத்தியம் எண்டு சொல்லிக்கொண்டிருப்பா.

ரமோனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ரமோன், குணா எண்ட இரண்டையும் கேட்டிட்டார், நான் கை வைச்சதையும் கண்டிட்டார். "அவ என்ன கேட்டா?" எண்டார். "என்ர பேர் கேட்டா" எண்டன். "நீ என்ன சொன்னாய்?" "ரமோன் எண்டு." "நான் ஆராம்?" "குணா எண்டு."

அவர் கம்பியை விட்டிட்டு என்ர பக்கம் திரும்பினார். பிறகு, "இங்கிலீஸில சொல்லு. பலமாய்ச் சொல்லு. ஒபிசில இருக்கிற மாதிரிச் சொல்லு" எண்டார். நான் அந்தச் சனத்துக்கு நடுவில கத்தினன், "நான் ரமோன்! இவர் குணா! கார்ட் அடிச்சது நாங்கள்!" எண்டு. படகுக்காரன் எட்டிப் பார்த்தான். ரமோன் சிரிக்கத் தொடங்கினார். சிரிச்சுச் சிரிச்சு, பிறகு தொப்பியை முகத்தில பொத்திக்கொண்டு நிண்டார். நானும் அழுதன். மறைக்க என்ன இருக்கு?

யூனியன் ஸ்ரேசன் வாசலில 3.40க்குப் பிரிஞ்சம். மூடியில கீறின படத்தை நான் வைச்சிருக்கிறன் எண்டு சொன்னன். "பேரையும் வைச்சிரு" எண்டார். "உன்ர பேரை நான் கொண்டு போறன். உன்னைத்தானே உன்ர தீவுக்கு விடமாட்டினம். பேருக்கு என்ன பேப்பர்? அது ஒரு தீவில போய் இருக்கட்டும்." படியில இறங்கேக்க ஒருக்கால் திரும்பினார். "சுகமாய் இரு, ரமோன்" எண்டார். அண்டைக்கு அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அது ஒருக்கால்தான்.

அதுக்குப் பிறகு கடிதம் இல்லை, போன் இல்லை. இரண்டு பேரும் எழுதிற ஆக்கள் இல்லை. எனக்குப் பேப்பர் வந்து, பாஸ்போட் வந்து, மனிசியும் வந்து, பிள்ளையளும் வளர்ந்திட்டுதுகள். இக்வெய்க்குப் போக இப்ப ஒரு தடையும் இல்லை. ஆனாலும் ரிக்கற் பார்த்துப்போட்டு மூடி வைச்சிடுறன். அங்க போய்க் கேக்க, அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை எண்டு சொல்லிப்போட்டால் நான் என்ன செய்யிறது? இஞ்ச கோப்பிக் கடையில பேர் கேட்டால் ரமோன் எண்டுதான் சொல்லுறன். அவங்கள் கூப்பிடேக்க ஒவ்வொரு முறையும் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறன்.

தீவு நடை போக விரும்பிறவைக்கு: மொத்தம் ஆறு கிலோமீற்றர் வரும், இருந்து எழும்பிப் போனால் அஞ்சு மணித்தியாலம். மேற்கில இருந்து கிழக்கையே நடவுங்கோ. காத்துச் சட்டை கொண்டு போங்கோ, செப்டெம்பரிலயும் குளிரும். நான் சொன்னது அந்தக் காலத்து விலை, இப்ப என்னெண்டு பார்த்துக்கொண்டு போங்கோ. மாரியில மற்ற இரண்டு படகும் ஓடாது, வார்ட்ஸ் ஐலண்ட் படகு மட்டும்தான். மரவள்ளியோட இஞ்சிச் சோடா குடிக்கலாமோ எண்டு கேட்டால், என்னால சொல்ல ஏலாது, நான் இன்னும் குடிச்சுப் பார்க்கேல்லை.

புன்ரா கானா போற மூண்டு பேருக்கும்: கடற்கரையில எல்லாம் இருக்கு, ஆனால் ஒருநாள் வெளிக்கிட்டு இக்வெய்க்குப் போங்கோ, வாகனத்தில ஒரு மணித்தியாலத்துக்குள்ள. ஊருக்கு நடுவில பெரிய மாதா கோயில் இருக்காம். அதின்ர வாசலில நிண்டு, குணா எண்டு ஒருத்தரை விசாரியுங்கோ. எழுபதை நெருங்கியிருப்பார், நீலத் தொப்பி போட்டாலும் போட்டிருப்பார். கண்டால் வேற ஒண்டும் சொல்லவேண்டாம். ரமோன் ரொறன்ரோவில இருக்கிறான், சுகமாய் இருக்கிறான் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ.